எதிர்வீட்டுப் பூசணி

காகித வட்டங்களை எங்கேயும் காணவில்லை.

மதியத்திலிருந்து பிரசன்னா ஹாலில் தரையில் உட்கார்ந்து கண்களை வெட்டிக்கொண்டிருந்தாள். பிறந்தநாள் விருந்துக்கு வாங்குகிற காகிதத் தட்டுகள்தான். ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு இரண்டு ஓட்டை, ரப்பர் பேண்டு கோக்க ஓரத்தில் இரண்டு துளை, மேலே வெள்ளைப் பெயிண்ட், கறுப்பில் ஒரு வாய் என்று வேலை ஒழுங்காக நடந்து பேய் முகமூடிகள் அடுக்காகச் சேர்ந்துவிட்டன. துடைப்பத்தை எடுத்துக் கூட்டியபோது கறுப்புச் சார்ட் பேப்பரின் சீவல்கள் வந்தன, சிலந்தி செய்த கம்பளி நூலின் நுனிகள் வந்தன, கைக்குட்டைப் பேய்களுக்குள் அடைத்ததில் மிஞ்சிய பஞ்சும் விரலிலிருந்து உரித்த பெவிகால் தோலும் வந்தன. கண்களிலிருந்து விழுந்த வட்டங்கள் மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

ஃபேன் காற்றில் சோபாவுக்கு அடியில் போயிருக்கும் என்று குனிந்து பார்த்தாள். ஒரு பென்சில், மகள் குழலியின் ஒற்றைச் சாக்ஸ், தூசி. திரைச்சீலையை உதறினாள், கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, விருந்தாளிகள் வருகிற நேரத்தில் குப்பையைக் காணோம் என்று தேடுகிற ஒரே ஆள் உலகத்தில் நான்தான் என்று தன்னையே கேலி செய்துகொண்டு எழுந்துவிட்டாள்.

எழுந்தவள் சமையலறைப் பக்கம் பார்க்கவில்லை. அங்கே மேடைமேல், ஈரத்துண்டு போர்த்தி அந்தப் பூசணிக்காய் இருந்தது.

அமெரிக்காவில் எடிசனில் இருந்த வருஷங்களில் அக்டோபர் கடைசி வந்தால் ஹாலோவீன் பேய் விழாவுக்கு வீட்டு வாசலில் முகம் குடைந்து விளக்கேற்றிய ஆரஞ்சுப் பூசணி வைப்பார்கள், மேப்பிள் இலைகளை மெழுகுக் காகிதத்துக்குள் வைத்து இஸ்திரி போட்டு ஜன்னலில் ஒட்டுவார்கள். ஹைதராபாத்தில் மரங்களுக்கு அப்படிப் பழுக்கிற பழக்கம் கிடையாது. ஆகவே அபார்ட்மென்ட் காம்பவுண்டில் விழுந்த அரசிலைகளைக் குழலியோடு பொறுக்கி வந்து, சிவப்பும் ஆரஞ்சும் பூசி, நூலில் கோத்து, ஹாலின் குறுக்கே தோரணமாகக் கட்டியிருந்தாள். கொண்டாப்பூரில் அந்த அபார்ட்மென்ட் குழந்தைகளுக்கு இது முதல் ஹாலோவீன். யு.எஸ்.ஸிலிருந்து வந்தவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

யு.எஸ்.ஸிலிருந்து வந்தது உண்மை. எப்படி வந்தோம் என்பதைத்தான் பிரசன்னா யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் மாதம் கணவன் தமிழ்ச்செல்வனின் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவன் பெயரும் போனது. ஹைதராபாத் ஆபீசுக்கு மாற்றல் என்று இங்கே சொல்லி வைத்தாள். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவன் தினமும் இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் லேப்டாப் பையுமாக, வேலைக்குப் போகிறவர்களோடு லிஃப்டில் இறங்கி, செகந்திராபாத் பஸ் ஏறி, ஸ்டேஷனை ஒட்டிய ஒரு பிரவுசிங் சென்டரில் பொழுது சாயும்வரை உட்கார்ந்துவிட்டு வருவான். யோசனை அவளுடையது. நேற்று சென்னைக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. பெங்களூரில் ஆபீஸ் வேலை என்று அதற்கும் ஒரு பொய் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் அவன் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்ததைக் குழலி கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டாள். அன்றைக்குப் பிரசன்னா அவளை மடியில் இருத்தி, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"நீ எதையும் பாக்கல. சரியா கண்ணு?"

குழலி அவளையே பார்த்தாள். இடது கண்ணின் வெள்ளையில் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி உண்டு, மச்சம் மாதிரிதான், பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கண்ணால் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். ஆறு வயதுக் குழந்தை அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டது பிரசன்னாவுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே வெட்கமாகவும் இருந்தது.

இன்றைக்கு ஒரு காரியம் மட்டும் நடந்துவிட்டால் போதும். சி பிளாக் நஸ்ரினின் கணவர் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர். நஸ்ரின் ஆம்பூர்க்காரி, வெடுக்கென்று பேசாதவள். விருந்து நல்லபடியாக முடிந்து எல்லோரும் போனபிறகு, அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு ஆளின் முன்னால் தலைகுனிவது என்று ஏழு மாதமாக மனதைத் தயார்செய்து வைத்திருந்தாள். அதற்குள்தான் முதலில் வாங்கி வைத்திருந்த பூசணி அழுகியது.

எர்ரகட்டா ரைத்து பஜார் உழவர் சந்தையில் கடைக்காரர்கள் பூசணியைக் கீற்றுக் கீற்றாகப் போட்டுத்தான் விற்பார்கள். முழுசாக ஒன்று கேட்டு, கெஞ்சி வாங்கிவந்து, நேற்றே கண்ணும் வாயும் குடைந்து வைத்தாள். ஊர் வெயிலை மறந்துவிட்டாள். இன்று மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தபோது அது உள்வாங்கி, வாய் கோணி, ஈ மொய்த்துக் கிடந்தது. நாற்றம் பொறுக்காமல் பாலித்தீன் பையில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான், எதிர்வீட்டு வாசலில், நிலைக்கு மேலே, ஒரு சாம்பல் பூசணி உறியில் தொங்குவதைப் பார்த்தாள்.

வசந்தகுமாரியின் வீடு அது. சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். மூன்று தலைமுறையாக லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த குடும்பம். சொந்த வீடு என்று முதன்முதலில் வாங்கியவள் அவள்தான். வீடு புகுந்த அன்றைக்கே மஞ்சளும் குங்குமமும் வைத்து அந்தச் சாம்பல் பூசணியைக் கட்டியதாகச் சொல்லியிருக்கிறாள்.

"ஊர்க் கண்ணெல்லாம் இதான் தின்னுது. ரெண்டு வருசமாச்சு பாரு, அழுவவே இல்ல. எறக்கணும்னா நேரா நாலு ரோடு சேர்ற எடத்துல ஒடைச்சிட்டு, திரும்பிப் பாக்காம வரணும். வீட்டுக்குள்ள மட்டும் நக்கோ, கொண்டுவரவே கூடாது."

பிரசன்னாவின் ஊரான கரூரிலும் இது உண்டுதான். அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் வசந்தகுமாரி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், சாயங்காலம் குழந்தைகள் வருவதற்குள் மறுபடி பஜாருக்குப் போய்வர நேரமில்லை, வராந்தாவில் யாரும் இல்லை. புதுசு ஒன்று வாங்கிக் கட்டிவிடலாம், அழுகி விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஷூ ஸ்டாண்டை இழுத்துப் போட்டு ஏறி, கத்தரியால் உறியை அறுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அணைத்துக்கொண்டு இறங்கித் திரும்பினால், குழலி தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருடி என்ற சொல் அப்போதுதான் பிரசன்னாவின் மனதில் வந்தது. முகம் சுட்டது. பெற்ற மகளின் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் சட்டென்று கோபப்பட்டாள்.

"என்ன பாக்கற? நீ எதையும் பாக்கல."

குழலி தலையாட்டினாள்.

மஞ்சளையும் குங்குமத்தையும் தேய்த்துக் கழுவினாள். மேலே பூத்திருந்த சாம்பல் மட்டும் கையில் ஒட்டிக்கொண்டு, சோப்புக்கும் போகவில்லை. காம்பைச் சுற்றி வெட்டி மூடியைத் திறந்தால் உள்ளே சதையும் விதையும் இருக்க வேண்டும். எதுவும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போலச் சுத்தமாக இருந்தது. காய்ந்து போயிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு கண்களைக் குடைந்தாள். வெட்டிய துண்டுகள் உள்பக்கமாக விழுந்தன. விழுந்த சத்தம் கேட்கவில்லை. கையை விட்டுத் துழாவினாள். அடிவரை துழாவினாள். துண்டுகள் அகப்படவில்லை.

அதன்மேல்தான் ஈரத்துண்டைப் போர்த்தினாள். இப்போது வேறு வழியில்லாமல் அதை எடுத்துவந்து, ஹாலில், வாசலை ஒட்டிய ஷூ ஸ்டாண்டின்மேல் வைத்து, உள்ளே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். ஆரஞ்சுப் பூசணி உள்ளிருந்து எரியும்போது அடுப்புத் தணல் மாதிரி இதமாக இருக்கும். இது வெளிறிய பச்சையாக, தண்ணீருக்கடியில் விளக்கு எரிவது மாதிரி இருந்தது. மெழுகு வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. மழைநாளில் பூட்டியே கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது.

சுவரோரம் கயிற்றில் முகமூடிகள் காய்ந்துகொண்டிருந்தன. கண் ஓட்டைகளின் வழியாகப் பின்னால் இருக்கிற மஞ்சள் சுவர் தெரிய வேண்டும். பிரசன்னா நின்று பார்த்தாள். தெரியவில்லை. சாயங்கால வெளிச்சம் அப்படி, என்று சொல்லிக்கொண்டாள். ட்யூப்லைட்டைப் போட்டாள். முகமூடிகள் அடுக்கடுக்காக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அம்மா, இது சரியா தெரியல." குழலி தன் முகமூடியை மாட்டிக்கொண்டு நின்றாள். "ஹோல் சின்னதா இருக்கு. டார்க்கா இருக்கு."

பிரசன்னா அதைக் கழற்றி, மகளின் கண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓட்டைகளைக் கத்தரியால் அகலமாக்கினாள். பிறை மாதிரி ஒரு துணுக்கு கத்தரியின் நுனியிலிருந்து நழுவியது. அதை அவள் கண்ணால் பின்தொடர்ந்தாள். முழங்கால்வரை வந்தது. தரைக்கு வரவில்லை.

அப்போது காலிங்பெல் அடித்தது.

அரை மணியில் ஹால் நிறைந்துவிட்டது. குழந்தைகள் தெலுங்கிலும் இந்தியிலும் கத்தினார்கள், அட்டைக் குழாயில் செய்த வௌவால்களைப் பறக்கவிட்டார்கள், அகலப் பாத்திரத்தில் மிதந்த ஆப்பிளை வாயால் கவ்வுகிறேன் என்று தரையெல்லாம் ஈரமாக்கினார்கள். அம்மாக்கள் சோபாவில் உட்கார்ந்து அரசிலைத் தோரணத்தை மெச்சினார்கள். ஒருத்தி அதைப் போட்டோ எடுத்தாள். நஸ்ரின் தன் பையனோடு வந்து, நல்லா பண்ணியிருக்கீங்க பிரசன்னா என்று மனதாரச் சொன்னாள். பிரசன்னா ஜூஸ் ஊற்றினாள், சிரித்தாள், சாம்பல் படிந்த கையைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டாள். முதுகை யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிற உணர்வு போகவில்லை. ஏழு மாதமாகப் பழகிய உணர்வுதான் அது. லிஃப்டில், பால் பூத்தில், ஸ்கூல் பஸ் நிற்கிற இடத்தில், யாருக்காவது தெரிந்துவிட்டதோ என்று கழுத்தின் பின்பக்கம் ஏறுகிற சூடு. இன்று மட்டும் அதற்கு ஒரு திசை இருந்தது. வாசல் பக்கம்.

"இது கண் திருஷ்டிக்குக் கட்டற பூசணியில்ல?" என்றாள் நஸ்ரின்.

"பஜார்ல இதுதான் கெடச்சுது."

சொல்லும்போது அவள் பூசணியைப் பார்க்காமல் சொன்னாள். பிறகு பார்த்தாள். வாயைச் சிரிக்கிற மாதிரி வெட்டியிருந்ததாக ஞாபகம். இப்போது அது வெறுமனே திறந்திருந்தது, பசிக்கிற குழந்தையின் வாய் மாதிரி. குழலி அதன் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். முகமூடியோடு. மற்ற குழந்தைகள் ஓடினார்கள். அவள் ஓடவில்லை. ஷூ ஸ்டாண்டின் விளிம்பைத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருட்டியதும் வசந்தகுமாரி வந்தாள். முதலில் தன் வீட்டு வாசலில் அவள் செருப்பு நின்ற சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. பிரசன்னா கையில் ஜூஸ் ஜக்கோடு அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அறுந்த உறியை இப்போது பார்த்துக்கொண்டிருப்பாள். அதைக் கழற்றி எறிய மறந்துபோனது இப்போதுதான் உறைத்தது.

வசந்தகுமாரி திறந்திருந்த கதவில் நின்றாள்.

"பிரசன்னா, என் பூசணிய யாரோ அறுத்துட்டுப் போயிருக்காங்க. நீ பாத்தியா?"

"இல்லக்கா. அழுவி விழுந்திருக்கும்."

"கயிறு கத்திரிச்சிருக்குதே."

சொல்லிக்கொண்டே அவள் உள்ளே வந்தாள். ஷூ ஸ்டாண்டின் முன்னால் நின்றாள். குனிந்து பார்த்தாள். சாம்பல் பூத்த தோலில் உறியின் கயிறு இரண்டு வருஷமாகப் பதிந்த தடம் கட்டம் கட்டமாக இருந்தது. குங்குமத்தைத் தேய்த்தவளுக்கு அது கண்ணில் படவில்லை.

"கைக்கு, ஏன் இப்படிப் பண்ணே?" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. "கேட்டிருந்தா வேற வாங்கித் தந்திருப்பேனே."

சோபாவில் இருந்த அம்மாக்கள் பார்த்தார்கள். நஸ்ரின் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. பிரசன்னாவுக்குத் தரைக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது. வேலை போனது, பஸ்ஸில் போகிற லேப்டாப் பை, பாத்ரூம் குழாய் எல்லாம் இந்த ஹாலில் வரிசையாக வந்து நிற்கப்போகின்றன என்று தோன்றியது.

வசந்தகுமாரி மூடியைத் திறந்தாள்.

"உள்ள என்னத்த அடைச்சு வெச்சிருக்க?"

மெழுகுவர்த்தியைச் சுற்றி, விளிம்புவரை, வெள்ளைக் காகித வட்டங்கள். ஈரமாக இருந்தன. ஒவ்வொன்றும்.

"நான் வெக்கல" என்றாள் பிரசன்னா. இந்த ஒன்று மட்டும் உண்மை. யாரும் நம்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். முகமூடியோடு நின்ற குழலியின் தோளைப் பிடித்தாள்.

"கண்ணு, நீ சொல்லு. அம்மா இத பஜார்லதான வாங்கினேன்? அக்கா வீட்ல நான் எடுத்தத நீ பாத்தியா?"

குழலியின் முகமூடி நிமிர்ந்தது. ஓட்டைகளுக்குள் இருட்டாக இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நான் எதையும் பாக்கல" என்றாள் குழலி.

கரண்ட் போனது.

குழந்தைகள் சந்தோஷமாகக் கூச்சலிட்டார்கள். ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டும்தான். ஹாலில் பூசணியின் வெளிச்சம் ஒன்றே இருந்தது. அந்தப் பச்சை வெளிச்சத்தில் வெள்ளை முகங்கள். வட்ட வட்டமாக. ஓடாமல். கத்தாமல். கூச்சல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. பிரசன்னாவின் கைக்குள் மகளின் தோள் சின்னதாக இருந்தது. சில்லென்று இருந்தது.

மெழுகுவர்த்தி அணைந்தது. யாரும் ஊதவில்லை.

இருட்டில் ஒரு சத்தம். மிக அருகில். ஈரமான எதையோ மெல்ல விழுங்குகிற சத்தம். ஒருமுறை. இன்னொரு முறை. கையிலிருந்த தோள் இரண்டு முறையும் லேசாகத் துள்ளியது.

அவள் கூப்பிட வாயெடுத்தாள்.

பளிச்சென்று ட்யூப்லைட் எரிந்தது. "வச்சேசிந்தி, கரண்ட் வச்சேசிந்தி" என்று, கரண்ட் வந்துவிட்டதைத் தெலுங்கில் கத்திக்கொண்டு பிள்ளைகள் குதித்தார்கள். முகமூடிகளைக் கழற்றி வீசினார்கள். வேர்த்த முகங்கள், சிரிக்கிற கண்கள். எல்லாக் குழந்தைகளும். வௌவால் பறந்தது. ஆப்பிள் உருண்டது. எதுவும் நடக்கவில்லை. பிரசன்னாவுக்கு மூச்சு வந்தது. போகட்டும், திருடி என்றே இருந்துவிட்டுப் போகிறேன், இப்போதே எல்லோர் முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் மனசு எடை குறைந்த மாதிரி இருந்தது.

"அம்மா" என்றாள் குழலி. "கரண்ட் எப்ப வரும்?"

பிரசன்னா குனிந்தாள்.

ரப்பர் பேண்டு காதில் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டாள். முகமூடியைத் தூக்கினாள்.

வேர்த்த நெற்றி. ஒட்டிக்கொண்ட முடி. சின்ன மூக்கு. பல் விழுந்த இடைவெளி தெரியத் திறந்த வாய். நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே வழவழவென்று வெள்ளைத் தோல், இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம்வரை. புருவம் இல்லை. இமை இல்லை. மெல்லிய சாம்பல் பூத்திருந்தது. பிரசன்னாவின் கட்டைவிரல் பட்ட இடத்தில் அது ஒட்டிக்கொண்டு வந்தது.

சின்னக் கைகள் அவள் முகத்தைத் தேடித் தடவின. காதைக் கண்டுபிடித்தன. குழலி காதோடு வாயை வைத்து, யாருக்கும் கேட்காமல், ரகசியமாகக் கேட்டாள்.

"சரியா சொன்னேனாம்மா?"

ஷூ ஸ்டாண்டின்மேல் பூசணி இருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி எரியவில்லை. இரண்டு ஓட்டைகளும் காலியாக இல்லை. ஈரமாக, அகலத் திறந்து, இடது கண்ணின் வெள்ளையில் பழுப்புப் புள்ளியோடு, அவை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருமுறை இமைத்தன. மறுபடியும் அவளையே பார்த்தன.